பழைய பெட்டியா, எமுலேட்டரா, புதுப் பதிப்பா?

ஒரு காலத்தில் ஆடித் தீர்த்த வீடியோ கேமை மீண்டும் ஆட வேண்டும் என்ற ஆசை, நாற்பதை நெருங்கும்போது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் என்னோடு வளர்ந்தவர்கள் பலர் இப்போது இதைத்தான் கேட்கிறார்கள். பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றைத் தேடி வாங்குவதா, கணினியைப் பழைய கருவிபோல நடிக்கவைக்கும் எமுலேட்டரைப் போட்டுக்கொள்வதா, மெருகேற்றி விற்கும் புதுப் பதிப்பை வாங்குவதா? யாராவது ஆடுவதை யூடியூபில் பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துவிடலாமே என்பவர்களும் உண்டு.

பேச்சு எப்போதும் விலையில்தான் தொடங்குகிறது. நான் விலையைக் கடைசியில் வைப்பவன். என் முதல் கேள்வி வேறு: அந்த விளையாட்டு உங்களுக்குக் கொடுத்த தொல்லை எது? எந்த வழியில் போனால் அந்தத் தொல்லை குறையாமல் திரும்பக் கிடைக்கும்?

கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் வந்த 'புரொஜெக்ட் ஐ.ஜி.ஐ.' ஆடியவர்கள் மட்டும் சிரிப்பதில்லை. ஒரு கட்டத்தின் நடுவில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி அதில் கிடையாது. வேலியைத் தாண்டி, கோபுரத்தில் நிற்பவனைத் தூரத்திலிருந்து சுட்டு, கண்காணிப்புக் கமராவை நிறுத்தி, கடைசி வாசல்வரை போன பிறகு எங்கிருந்தோ ஒரு குண்டு பட்டால் மறுபடி முதலிலிருந்துதான். மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கொமியூனிகேஷன் கடையில் இதை ஆடியவர்களுக்குத் தண்டனை இரட்டிப்பு. உயிரும் போகும், காசும் போகும், நேரம் முடிந்துவிட்டது என்று கடைக்கார அண்ணா தோளைத் தட்டுவார். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த முகாம்களின் வரைபடம் எங்கள் தலைக்குள் அப்படியே கிடக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்தத் தண்டனைதான். சுலபமாக முடித்த விளையாட்டுகளின் பெயர்கூட எனக்கு நினைவில்லை.

ஆகவே பழைய கருவியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீடுகளில் 'டிவி கேம்' என்று அழைக்கப்பட்ட பெட்டி, நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் கருவியின் நகல். கசட்டின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை சில பத்து, மற்றவை அதே விளையாட்டுகள் வேறு பெயர்களில். 'கோன்ட்ரா'வில் மூன்று உயிர்களோடு காட்டுக்குள் இறங்கியவர்களும், மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ என்று அழுத்தி முப்பது உயிர் வாங்கிக்கொண்டவர்களும் ஒரே திரையைப் பார்த்தாலும் ஆடியது வேறு வேறு விளையாட்டு.

அந்தப் பெட்டியோடு வந்த துப்பாக்கி நினைவிருக்கிறதா? வாத்துச் சுடும் துப்பாக்கி. அதுதான் வேண்டும் என்றால் உங்களுக்கு வேறு வழியே இல்லை. பழைய கருவியும், அதோடு பழைய பெரிய பெட்டித் தொலைக்காட்சியும் வேண்டும். விசையை அழுத்தியவுடன் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். பழைய தொலைக்காட்சி தனக்கு வரும் சமிக்ஞையைத் தாமதமின்றித் திரையில் வரையும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. இன்றைய தட்டைத் திரை படத்தைச் சீர்செய்து காட்டச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். எவ்வளவு நேராகக் குறிபார்த்தாலும் ஒரு வாத்தும் விழாது. எமுலேட்டரில் மவுஸை அழுத்தி வாத்து சுடலாம். அதைவிட வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது சுவாரசியமானது.

பிளேஸ்டேஷன் 2 வேறு கதை. 2000ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி ஜப்பானில் வெளியாகி, உலகெங்கும் 16 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. அவ்வளவு விற்றதால்தான் இன்றும் பழையது கிடைக்கிறது. புறக்கோட்டையில் விசாரித்தாலும் இணைய விளம்பரங்களில் தேடினாலும் ஏதாவது ஒன்று அகப்படும். வாங்குகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு. ஜப்பானிய வீட்டுக்கென்று செய்தது 100 வோல்ட். நம் சுவரில் வருவது 230. நேரடியாகச் சொருகினால் விளையாட்டு அன்றோடு முடிந்தது. இரண்டாவது, டிஸ்க் படிக்கும் லேசர். கடையில் விளையாட்டின் முகப்பு வந்தவுடன் சரி என்று தலையாட்டாமல், அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும் ஒன்று உண்டு. அசல் அனுபவம் வேண்டும் என்று இணையத்தில் பிறநாட்டு ரசிகர்கள் உருகுகிறார்கள். கொழும்பில் எங்கள் அசல் அனுபவமே நகல்தானே! நகல் டிஸ்க்கும் ஓடும்படி உள்ளே சிப் பொருத்திய கருவி, வெற்று டிவிடியில் எழுதிய விளையாட்டு, போட்டோப்பிரதி எடுத்த மங்கல் அட்டை, நடுவில் பேனாவால் எழுதிய பெயர். உண்மையில் பழையதை அப்படியே மீட்க வேண்டுமென்றால், பாதியில் நின்றுபோகும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் மீட்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைத் தொலைக்காட்சி முறை ஐரோப்பாவின் 'பால்' (PAL) முறை. நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. நல்லபடி மாற்றியமைக்கப்படாத ஐரோப்பியப் பதிப்புகள் பல, இதனால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. அந்த வேகத்தில் கை பழகியவர் இன்று எமுலேட்டரில் அமெரிக்கப் பதிப்பை இறக்கினால், முதல் பத்து நிமிடங்களுக்கு ஒரு தாவலும் சரியாக விழாது. முதுமை வந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். ஐரோப்பியப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.

இனி எமுலேட்டர். மற்றொரு கருவியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். பிளேஸ்டேஷன் 2க்கு 'பிசிஎஸ்எக்ஸ்2' இருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேலாக வளர்ந்துவரும் இலவச மென்பொருள், ஓரளவு நல்ல மடிக்கணினியிலேயே ஓடும். எமுலேட்டர் சட்டவிரோதமா என்பது அடுத்த கேள்வியாக வரும். சோனி, கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் தயாரித்தவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. மென்பொருளில் சிக்கல் இல்லை. கருவிக்குள் இருந்து அதைத் தொடக்கிவைக்கும் 'பயோஸ்' நிரலுக்கும் விளையாட்டுக்கும் பதிப்புரிமை உண்டு, அவற்றைச் சொந்தக் கருவியிலிருந்தும் சொந்த டிஸ்க்கிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் விற்பனையில் இருக்கும் கருவிகளைத் தொட்டால் கதை வேறு: நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான 'யுசு'வை உருவாக்கியவர்கள் 2024இல் 24 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டு கடையை மூடினார்கள்.

எமுலேட்டரின் பெரிய வரமும் பெரிய சாபமும் ஒன்றேதான்: எந்த நொடியிலும் ஆட்டத்தை உறையவைத்துச் சேமிக்கலாம், செத்தால் அந்த நொடிக்கே திரும்பலாம். சில எமுலேட்டர்களில் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டவும் முடியும். 'கோன்ட்ரா'வை இப்படி முடித்தவர்கள் எனக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, இதற்குத்தானா சின்ன வயதில் அவ்வளவு அழுதோம் என்று கேட்டார்கள். அவர்கள் 'கோன்ட்ரா'வை ஆடவில்லை, பார்வையிட்டார்கள்.

இந்தச் சேதத்தை அளந்து பார்க்க மிகச் சரியான விளையாட்டு, 1998இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2'. அதில் ஆட்டத்தைச் சேமிக்க ஒரு தட்டச்சுப் பொறியைத் தேடிப் போக வேண்டும். போனால் மட்டும் போதாது, மை நாடா ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு நாடா செலவாகும். நாடாக்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இந்த ஒரு விதிதான் அந்தப் பொலிஸ் நிலையத்தின் நடைபாதைகளுக்கு அச்சத்தைக் கொடுக்கிறது. அடுத்த கதவைத் திறப்பதா, இருக்கும் நாடாவைச் செலவழித்துவிட்டுத் திறப்பதா என்று கையில் கொன்ட்ரோலரோடு அறை நடுவே நிற்பதுதான் அந்த விளையாட்டு. பிணங்கள் எழுந்து நடப்பது அதற்கு அலங்காரம்.

அதை எமுலேட்டரில், கதவுக்குக் கதவு சேமித்துக்கொண்டு ஆடினால் மிஞ்சுவது மங்கலான படங்களும் மோசமான வசன உச்சரிப்பும்தான். 2019இல் கெப்கொம் நிறுவனம் புதிதாகச் செய்த பதிப்பை எடுத்தால், அது அபாரமான விளையாட்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நிலையான கமராக் கோணங்கள் போய், கமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. சாதாரண நிலையில் நாடாவே தேவையில்லை, பொறியைக் கண்ட இடமெல்லாம் சேமிக்கலாம். 'ஹார்ட்கோர்' என்ற கடினமான நிலையைத் தெரிவுசெய்தால்தான் நாடா திரும்ப வருகிறது. ஆக, அழகான புதுப் பதிப்பின் கடின நிலை, சேமிப்புக் குறுக்குவழிகளோடு ஆடும் பழைய பதிப்பைவிடப் பழைய அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. படம் மாறியது, பயம் நிலைத்தது. இதனால்தான் தொல்லையை அளவுகோலாக வைக்கச் சொல்கிறேன். படத்தின் தோற்றத்தை வைத்துத் தீர்மானித்தால் இந்த முடிவுக்கு வரவே முடியாது.

இதற்காக எமுலேட்டரின் உறையவைக்கும் வசதியை வெறுக்கச் சொல்லவில்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் போன ஊர் இது. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் ஒரு மணி நேர ஆட்டம் நொடியில் கரைந்து போவதை எந்த விளையாட்டு வடிவமைப்பாளரும் திட்டமிடவில்லை. குழந்தை அழுதால், அம்மா அழைத்தால், மின்சாரம் போகப் போகிறதென்றால் உறையவைத்துவிட்டு எழும்புங்கள். எதிரி எதிரில் வரும்போது உறையவைக்காதீர்கள். நான் வைத்திருக்கும் விதி இது ஒன்றுதான். இதைக் காப்பாற்ற முடிந்தவருக்கு எமுலேட்டரே முதல் தெரிவு என்பேன்.

கைபேசியில் எமுலேட்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனமும் 2024 ஏப்ரலில் பழைய விளையாட்டு எமுலேட்டர்களைத் தன் கடையில் அனுமதித்துவிட்டது. அண்ட்ரொய்டில் எப்போதோ உண்டு. கண்ணாடித் திரையில் வரைந்த பொத்தான்களை அழுத்தி மரியோவைத் தாண்டவைப்பது நடக்காத காரியம். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் இருந்துகொண்டு, அவசரமில்லாத, முறைவைத்து ஆடும் விளையாட்டு ஒன்றை ஆடலாம். அவ்வளவுதான்.

புதுப் பதிப்புகளில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். பழையதன் மேல் மெருகு பூசியது ஒன்று. அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டியது மற்றொன்று. மெருகு பூசுவது எப்படிப் பாழாகும் என்பதற்கு 2021 நவம்பரில் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' முத்தொகுப்பே போதும். அதிலுள்ள 'சான் அன்ட்ரியாஸ்' 2004இல் வந்தபோது தூரத்தை மூடிய பனிமூட்டம் கருவியின் வலுவின்மையால் வந்தது. ஆனால் அந்த மூட்டம்தான் ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரம் வெகு தொலைவு என்று நம்பவைத்தது. புதுப் பதிப்பில் மூட்டத்தை நீக்கினார்கள். மாநிலம் முழுவதும் ஒரு பூங்காவைப்போலச் சுருங்கிவிட்டது. வானொலியில் உரிமம் முடிந்த பாடல்கள் பல காணாமல் போயின. போதாக்குறைக்கு, புதியதை விற்பதற்காகப் பழையவற்றை இணையக் கடைகளிலிருந்து எடுத்தும்விட்டார்கள். ரசிகர்கள் கொதித்த பிறகு, அதை வெளியிட்ட ரொக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் தன் கடையில் மறுபடி வைத்தது. பழைய ஒளியமைப்பைத் தெரிவுசெய்யும் வசதி 2024 நவம்பரில்தான் வந்தது. மூன்று வருடம் பிந்தி வந்த மூட்டம்!

பேரரசு கட்டிப் போரிடும் வியூக விளையாட்டான 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' இதற்கு நேர் எதிர். 1999இல் வந்த விளையாட்டின் 2019 பதிப்பில், வயல் தீர்ந்தால் தானே மறுபடி விதைக்கப்படும்படி வைத்துக்கொள்ளலாம். தொல்லை ஒன்று போய்விட்டதே என்று நான் வருந்த வேண்டும், வருந்தவில்லை. அந்த விளையாட்டின் உண்மையான தொல்லை, எதிரி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் படையோடு வருவான் என்று தெரியாமல் தானியத்தையும் தங்கத்தையும் பங்கிடுவது. அது துளியும் குறையவில்லை. குறைந்தது வெறும் எடுபிடி வேலை. அதோடு 2022 ஏப்ரலில் வந்த இந்தியப் பேரரசுகள் பற்றிய விரிவாக்கத்தில் திராவிடர் ஒரு தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். சுருள்வாள் வீரர்கள், திரிசடைக் கப்பல், தமிழில் பதில் சொல்லும் குடிமக்கள், இராசேந்திர சோழனின் போர்த்தொடர். பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரத்தைப் பார்த்துவிட்டு வந்து இரவில் இந்தத் தொடரை ஆடினால், மனதில் எழும் கேள்விகள் வேறு தினுசானவை. ஆயினும் ஒரு மரம்வெட்டியைச் சொடுக்கி, அவன் தமிழில் பேசக் கேட்பது, 1999இல் எங்களில் யாரும் கற்பனை செய்யாத சந்தோஷம். இந்த ஒரு விளையாட்டுக்குப் பழைய சிடியைத் தேடாதீர்கள்.

சரி, விலை. புதுப் பதிப்புகள் டொலர்க் கணக்கில் விற்கப்படுகின்றன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாயளவுக்குத் தாவியது முதல், நம் ஊரில் புது விளையாட்டு வாங்குவது வீட்டுக்குத் தெரியாமல் செய்யும் காரியமாகிவிட்டது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் இலங்கை உட்பட்ட தெற்காசியாவுக்கெனத் தனி விலை இருப்பதால் சில விளையாட்டுகள் சற்று மலிவு. தள்ளுபடிக் காலத்தில் இன்னும் மலிவு. பிளேஸ்டேஷனில் அந்த ஆறுதலும் இல்லை. கணக்குத் திறக்கும்போது காட்டும் நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லாததால், ரொறன்ரோ மாமாவின் முகவரியிலோ சென்னைச் சித்தியின் முகவரியிலோதான் நம்மவர்கள் வாழ்கிறார்கள். ஸ்டீமில் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. போலந்து நிறுவனத்தின் 'கொக்' (GOG) இணையக் கடையில் வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கி வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம். கடை மூடினாலும் விளையாட்டு இருக்கும். நின்டெண்டோ 2023 மார்ச் 27ஆம் திகதி தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியதைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

யூடியூபில் பார்ப்பதை இழிவாக எண்ண வேண்டாம். கதைக்காகவே ஆடிய, நாற்பது மணி நேரம் கேட்கும் விளையாட்டுகளுக்கு அது நியாயமான வழி. தொல்லையை யாரோ ஒருவர் பட்டுக்கொள்கிறார், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

எந்த வழியும் ஒழுங்காக இல்லாத விளையாட்டுகளும் இருக்கின்றன, அவற்றில் நம் ஊருக்கு மிக நெருக்கமானது ஈஏ நிறுவனத்தின் 'கிரிக்கெட் 07'. 2006இல் வந்தது, அதன் பிறகு அந்த நிறுவனம் கணினிக்கோ பிளேஸ்டேஷனுக்கோ கிரிக்கெட் விளையாட்டே செய்யவில்லை. மறுபதிப்பு இல்லை, இணையக் கடைகளில் விற்பனையும் இல்லை. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கு மட்டுமே முழு உரிமம் பெற்றிருந்ததால், நம் வீரர்களின் பெயர்களெல்லாம் திரிந்து கிடந்தன. ஒவ்வொரு வீட்டிலும் விளையாட்டை நிறுவியதும் முதல் வேலை, அணிப் பகுதிக்குப் போய் முரளி, சனத், சங்கா என்று திருத்தி எழுதுவதுதான். இன்று அதை ஆட வேண்டுமானால் பழைய சிடி வேண்டும், அந்தச் சிடியைப் படிக்கும் கருவி வேண்டும், பிறகு புதிய விண்டோஸோடு மல்லுக்கட்ட வேண்டும். சேஃப்டிஸ்க் போன்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் அக்காலப் பாதுகாப்பு முறையை விண்டோஸ் 10 ஏற்பதில்லை என்பதால், காசு கொடுத்து வாங்கிய அசல் சிடிகள் பல ஓடாமல் கிடக்கின்றன. அதே விளையாட்டுகளின் புறக்கோட்டை நகல்கள் ஓடுகின்றன. அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை. 'கிரிக்கெட் 07'க்குத் துணை நிறையவே இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. துப்பாக்கியோ, இரண்டு வயர் கொன்ட்ரோலரோடு தரையில் தோளோடு தோள் உட்காரும் ஆட்டமோ வேண்டுமென்றால், டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து மச்சான்மார் வரும்போது ஆடுவதற்கென்றால், பழைய கருவியை வாங்குங்கள். தனியாக ஆடுவதற்கு அது வீண் செலவு. வியூக விளையாட்டுகளுக்குப் புதுப் பதிப்பு. 'சான் அன்ட்ரியாஸ்' உட்பட பிளேஸ்டேஷன் 2 காலத்தவை அனைத்துக்கும் எமுலேட்டர், பழைய விதிகளோடு. 'ரெசிடென்ட் ஈவில்' வகைக்குப் புதிதாகக் கட்டிய பதிப்பு, ஆனால் கடின நிலையில். அதற்கு மனமில்லாதவர் அதே காசுக்கு வேறு எதையாவது வாங்கலாம்.

பிள்ளைக்குக் காட்டுவதற்காக என்று கேட்பவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். பிள்ளைகளுக்கு உங்கள் தொல்லை தேவையில்லை, அவர்களுக்கென்று வேறு இருக்கிறது. முப்பது உயிர் குறியீட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டு இரண்டாவது கொன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தெரிவுசெய்தாலும் முதலில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் யூஎஸ்பி வயரோடு ஒரு நல்ல கொன்ட்ரோலர் வாங்குங்கள். எமுலேட்டருக்கும் உதவும், கணினியில் ஓடும் புதுப் பதிப்புக்கும் உதவும். பற்றரி இல்லாததை வாங்குங்கள். திசைப் பொத்தான்களை அழுத்திப் பார்க்காமல் பெட்டியை வெளியே கொண்டுவராதீர்கள். மூலைவிட்டமாக அழுத்தும்போது இரண்டு திசையும் ஒன்றாகப் பதியாவிட்டால் 'கோன்ட்ரா'வில் சரிவாகச் சுடவே முடியாது.